கால் மறந்தது, கை மறக்கவில்லை

டீயை வடிகட்டிக்கொண்டிருந்தபோது அக்கா மகன் வந்தான். வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தவன் வழக்கம்போல் பேச்சை ஆரம்பிக்காமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். டம்ளரை நீட்டினேன். வாங்கிய கை நடுங்கியதில் டீ தளும்பி விரலில் பட்டது.

"தெருமுனையில ஒரு நாய் குறுக்க பாஞ்சிடுச்சு மாமா. நல்லவேளை, பிரேக் போட்டுட்டேன். அதுக்கும் ஒண்ணும் ஆகல, எனக்கும் ஒண்ணும் ஆகல. பத்து நிமிஷம் இருக்கும். ஆனா பாருங்க." கையை விரித்துக் காட்டினான். விரல் நுனிகள் ஆடிக்கொண்டிருந்தன. "நாய் போயிடுச்சு. பயமும் போயிடுச்சு. இது மட்டும் ஏன் போகல?"

"பிரேக்கை எப்ப அழுத்தின?"

"அதான் தெரியல. நாயின்னு மனசுல படுறதுக்குள்ள கால் அழுத்திடுச்சு."

முப்பது வருஷம் பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுத்தவன் நான். நரம்புக்கும் ஹார்மோனுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால், பிள்ளைகள் நடுவில் ஒரு கோடு போட்டு அட்டவணை எழுதுவார்கள். இடப்பக்கம் வேகம், வலப்பக்கம் மெது. இடப்பக்கம் மின்சாரம், வலப்பக்கம் வேதிப்பொருள். மதிப்பெண்ணுக்கு அது போதும். ஆனால் இவன் கால் ஏன் வேலையை முடித்துவிட்டு மறந்தது, கை ஏன் இன்னும் மறக்கவில்லை என்பதற்கு அந்த அட்டவணையில் பதில் கிடையாது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் கால். நாய் கண்ணில் பட்டதிலிருந்து பிரேக் அழுந்தியது வரை ஒரு நொடிக்குள் முடிந்திருக்கும். அதிலும் பெரும்பகுதி மூளைக்குள், என்ன செய்வது என்று முடிவெடுக்கப் போன நேரம். முடிவு எடுத்த பிறகு, இடுப்புப் பக்கம் முதுகுத்தண்டிலிருந்து பாதம் வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரம். காலை அசைக்கும் நரம்புகளில் செய்தி நொடிக்குச் சுமார் 50 மீட்டர் ஓடும். ஒரு நொடியை ஐம்பதாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் பயணம்.

இந்த வேகத்தை அளக்கவே முடியாது என்றுதான் ஒரு காலத்தில் நினைத்தார்கள். ஜெர்மனியின் பெரிய உடலியல் அறிஞர் யோஹான்னஸ் முல்லரே அப்படி நம்பினார். அவருடைய மாணவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850-ல் ஒரு தவளைக் காலை எடுத்துக்கொண்டார். தசைக்குப் பக்கத்தில் நரம்பைத் தூண்டி, தசை சுருங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தார். பிறகு தசையிலிருந்து தள்ளி, நரம்பின் தொலைவான இடத்தில் தூண்டினார். இரண்டு நேரத்துக்கும் உள்ள வித்தியாசம், நடுவில் இருக்கும் நரம்பில் செய்தி ஓடிய நேரம். நொடிக்கு 27 மீட்டர் அளவில் வந்தது. மணிக்கு நூறு கிலோமீட்டர், அவ்வளவுதான். மின்னலைப் போல நொடியில் பாயும் என்று எல்லோரும் எண்ணியிருந்த ஒன்று, நெடுஞ்சாலையில் போகும் கார் வேகத்தில் போயிருக்கிறது.

"கம்பியில கரண்ட் போற மாதிரி இல்லையா மாமா?"

இல்லை. தீபாவளிச் சரவெடியை நினைத்துக்கொள். முதல் வெடி வெடித்து, அதன் பொறி அடுத்ததைப் பற்றவைக்கிறது. ஆயிரமாவது வெடியும் முதல் வெடியின் அதே சத்தத்தோடுதான் வெடிக்கும்; தூரம் போகப் போகத் தேயாது. பாதி வெடிப்பது என்பதும் கிடையாது. நரம்பு இழையின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கிறது. டார்ச் பேட்டரி ஒன்றின் அழுத்தத்தில் இருபதில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஓரிடத்தில் வாசல் திறந்து சோடியம் உள்ளே பாய்ந்தால் அந்த இடம் ஒரு கணம் தலைகீழாகிறது. அது பக்கத்து வாசலைத் திறக்கிறது. ஒரு மில்லிநொடிதான் ஒரு வெடிப்பு. பட்டாசுக்கு இல்லாத ஒரு குணம் இதற்கு உண்டு: வெடித்த இடம் அடுத்த ஓரிரு மில்லிநொடியில் மறுபடி தயாராகிவிடும். இதனால்தான் கால் மறந்தது. செய்தி நின்றால் நரம்பில் ஒன்றும் மிச்சமிருப்பதில்லை.

வேகத்தைவிட எனக்கு வியப்பாக இருப்பது வேறொன்று. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் வெடிப்பும், காதிலிருந்து போவதும், பாதத்துக்கு இறங்குவதும் ஒரே மாதிரியானவை. ஒளிக்கு ஒரு வகை, ஒலிக்கு ஒரு வகை என்று கிடையாது. அப்படியானால் மூளைக்கு எப்படித் தெரிகிறது? எந்த வழியாக வந்தது என்பதை வைத்துத்தான். கண்ணில் அடிபட்டால் நம் ஊரில் என்ன சொல்கிறோம்? "கண்ணுல பொறி பறந்துச்சு" என்கிறோம். அங்கே பொறியும் இல்லை, ஒளியும் இல்லை. இருட்டறையில் அடித்தாலும் பொறி பறக்கும். அடி விழித்திரையைத் தூண்டிவிட்டது. அந்த வழியில் எது வந்தாலும் மூளை அதை ஒளியென்றே எடுத்துக்கொள்ளும். நரம்புச் செய்தியின் முகவரி செய்திக்குள் எழுதியிருக்கவில்லை, அது ஓடும் பாதையில் இருக்கிறது. இந்த முனையில் தொட்டால் அந்த முனையில் உள்ளவனுக்கு மட்டும்தான் கேட்கும். உன் மூளை வலது காலைக் கூப்பிட்டது, இடது காதுக்கு அது தெரியவே தெரியாது.

பையன் தன் புறங்கையைப் பார்த்தான். பச்சையாய்ப் புடைத்திருந்ததைக் காட்டி, "இதுலயா ஓடுது?" என்றான்.

இங்கே தமிழில் ஒரு சிக்கல். ஆஸ்பத்திரியில் "நரம்புல ஊசி போட்டாங்க" என்கிறோம். வயதானவர் கையில் "நரம்பு புடைச்சிருக்கு" என்கிறோம். ஊசி ஏறியதும் புடைத்திருப்பதும் இரத்தக் குழாய், சிரை. உண்மையான நரம்பு வெள்ளையாக, நூலைப் போல உள்ளே ஓடுகிறது, வெளியே தெரியாது. யாழில் கட்டிய தந்திக்கும் நரம்பு என்றுதான் பெயர். நூல்போல இழுபட்டு ஓடுவதையெல்லாம் ஒரே சொல்லால் அழைத்துவிட்டோம். குற்றமில்லை. ஆனால் இன்றைய பேச்சுக்கு அந்த இரண்டையும் பிரித்தாக வேண்டும். ஏனென்றால் உன் காலுக்குச் செய்தி போனது நிஜ நரம்பில். கையை நடுங்க வைப்பது, நாம் தவறாக நரம்பு என்று சொல்கிறோமே, அந்தக் குழாய் வழியாக வந்தது.

நாயைப் பார்த்த அதே கணத்தில் மூளை இன்னொரு வேலையும் செய்தது. இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பி மாதிரி அட்ரினல் சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஐந்து கிராம். அதற்கு ஆணை போயிற்று. அது அட்ரினலினை இரத்தத்தில் கொட்டியது. யாருக்கென்று முகவரி எழுதவில்லை. ஓய்வில் இருக்கும்போதே இதயம் நிமிஷத்துக்கு ஐந்து லிட்டர் இரத்தத்தைத் தள்ளுகிறது. உடம்பில் இருப்பதே கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆக ஒரு நிமிஷத்துக்குள் அது உச்சி முதல் உள்ளங்கால் வரை எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

எவ்வளவு என்று கேள். சும்மா இருக்கும்போது ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் சில பத்து பிகோகிராம். பயத்தில் சில நூறாக உயரலாம். ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் பிகோகிராம்.

அந்தத் துளியை எல்லாச் செல்களும் பார்க்கின்றன. ஆனால் கேட்பது, அதற்கென்று காது வைத்திருக்கும் செல்கள் மட்டும். அந்தக் காதுக்கு ஏற்பி என்று பெயர். அதிலும் ஒவ்வொரு காதும் ஒவ்வொரு விதமாகக் கேட்கும். இதயத் தசை அட்ரினலினைக் கேட்டு வேகமாகத் துடிக்கிறது. மூச்சுக்குழல் தசையோ அதே அட்ரினலினைக் கேட்டுத் தளர்கிறது. கல்லீரல் சேமித்த சர்க்கரையை அவிழ்த்துவிடுகிறது. குடலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. கைத் தசைகள் நடுங்குகின்றன. ஒரே சொல், ஐந்து பொருள்.

"உன் அப்பாவுக்கு வீசிங் வந்தா பஃப் இழுப்பாரே, அப்புறம் அவர் கையைப் பார்த்திருக்கியா?"

"ஆமா. கொஞ்ச நேரம் நடுங்கும். படபடன்னு வருதுன்னும் சொல்வாரு."

அந்த பஃப்பில் இருக்கும் சால்புட்டமால், மூச்சுக்குழல் தசையிலுள்ள அட்ரினலின் ஏற்பியை நோக்கிச் செய்யப்பட்ட மருந்து. அதே ஏற்பி கைத் தசையிலும் இருப்பதால் அங்கேயும் கேட்டுவிடுகிறது. அவருக்கு நாய் குறுக்கே வரவில்லை, பயமும் இல்லை. ஆனாலும் உன் நடுக்கமும் அவர் நடுக்கமும் ஒரே ஏற்பியில் பிறந்தவைதான். ஹார்மோனின் முகவரி அனுப்புகிறவரிடம் இல்லை, வழியிலும் இல்லை. கேட்கிறவரிடம் இருக்கிறது. அந்த அட்டவணையில் ஒரே ஒரு வரி மிஞ்சட்டும் என்றால் நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன். வேகம் எல்லாம் இதற்கு அடுத்ததுதான்.

தவளைக் குஞ்சுகளிடம் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். 1912-ல் குடர்நாட்ச் என்ற ஆய்வாளர் தலைப்பிரட்டைகளுக்கு வேறு விலங்குகளின் தைராய்டைத் தின்னக் கொடுத்தார். அவை காலத்துக்கு முன்பே, குட்டியாக இருக்கும்போதே தவளையாகிவிட்டன. வாலிலுள்ள செல்கள் அந்த ஹார்மோனைக் கேட்டுச் சாகின்றன. கால் முளைக்க வேண்டிய இடத்துச் செல்கள் அதையே கேட்டுப் பெருகுகின்றன. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் விளங்கும். பலருக்கு ஆரம்பத்தில் இன்சுலின் குறைவாக இருப்பதில்லை, கூடுதலாகக்கூட இருக்கும். கூப்பிடும் குரலில் குறையில்லை, தசையிலும் கல்லீரலிலும் காது மந்தமாகிவிட்டது.

இரத்தத்தின் வழியாக இப்படி ஒரு தபால் போகிறது என்பதையே உலகம் தாமதமாகத்தான் நம்பியது. உடம்பில் எது எதைக் கூப்பிட்டாலும் நரம்பு வழியாகத்தான் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் எண்ணம். சாப்பாடு இரைப்பையிலிருந்து அமிலத்தோடு குடலுக்கு இறங்கியதும் கணையம் தன் நீரைச் சுரக்கிறது. கணையத்துக்கு எப்படித் தெரிந்தது? நரம்பு சொல்லியது என்றது ரஷ்யாவில் பாவ்லோவின் ஆய்வகம். 1902 ஜனவரியில் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் மயக்க மருந்து கொடுக்கப்பட்ட ஒரு நாயின் சிறுகுடலில் ஒரு துண்டுக்குப் போகும் நரம்புகளையெல்லாம் வெட்டினார்கள். இரத்தக் குழாயை மட்டும் விட்டுவைத்தார்கள். அந்தத் துண்டுக்குள் அமிலம் ஊற்றினார்கள். கணையம் சுரந்தது. நரம்பே இல்லாமல் செய்தி போயிருக்கிறது. குடலின் உட்பூச்சைச் சுரண்டி, அமிலத்தோடு அரைத்து, வடிகட்டி, இரத்தத்தில் ஏற்றினார்கள். மறுபடியும் சுரந்தது. அந்தப் பொருளுக்கு செக்ரட்டின் என்று பெயர் வைத்தார்கள். மூன்று வருஷம் கழித்து 1905-ல், இந்த வகைப் பொருள்களுக்கெல்லாம் சேர்த்து ஸ்டார்லிங் சூட்டிய பெயர்தான் ஹார்மோன். தூண்டி எழுப்புவது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து. பாவ்லோவின் ஆய்வகம் சோதனையைச் செய்து பார்த்து, சரிதான் என்று ஏற்றுக்கொண்டது. தான் கட்டிய கொள்கை இடிவதைத் தானே சோதித்துப் பார்த்து ஒப்புக்கொள்வது பெரிய மனசு. அதற்காகவே எனக்கு அவர்மேல் மரியாதை கூடும். அந்த நாயையும் நான் நினைத்துக்கொள்வதுண்டு.

"சரி மாமா, அது ஏன் இன்னும் போகல?"

நரம்பில் வாசலைச் சாத்தினால் முடிந்தது. இரத்தத்தில் கொட்டியதைத் திரும்ப அள்ள முடியாது. கல்லீரலும் மற்ற உறுப்புகளும் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்துத்தான் தீர்க்க வேண்டும். அட்ரினலினில் பாதி தீர இரண்டு மூன்று நிமிஷம். அடுத்த பாதி தீர இன்னொரு இரண்டு மூன்று நிமிஷம். அதோடு, வந்ததும் நீ என்ன செய்தாய்? நாய் பாய்ந்த கதையைச் சொன்னாய். சொல்லும்போது மறுபடி நாய் பாய்ந்தது. மறுபடி கொஞ்சம் சுரந்திருக்கும். கார்ட்டிசால் என்ற இன்னொன்றும் பின்னாலேயே வரும். அது உச்சத்துக்கு ஏறவே இருபது முப்பது நிமிஷம் பிடிக்கும். இன்னும் மெதுவானவை உண்டு. உன் அம்மா காலையில் வெறும் வயிற்றில் போடும் தைராய்டு மாத்திரையை எடுத்துக்கொள். அந்த ஹார்மோனில் பாதி தீர ஏறக்குறைய ஒரு வாரம். அது செல்லின் உட்கருவரைக்கும் போய், எந்த மரபணு வேலை செய்ய வேண்டும் என்பதையே மாற்றுகிறது. மாத்திரையின் அளவை மாற்றினால் டாக்டர் அடுத்த நாளே டெஸ்ட் எடுக்கச் சொல்வதில்லை. ஆறு வாரம் போல விட்டுத்தான் பார்ப்பார்.

இரண்டு வழிகளையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் உயிருள்ள சாட்சி ஒன்று இருக்கிறது. மாற்று இதயம். இந்தியாவில் வெற்றிகரமான முதல் மாற்று இதய அறுவை 1994-ல் டெல்லி எய்ம்ஸில் நடந்தது. இன்று சென்னையிலேயே எத்தனையோ பேர் இன்னொருவரின் இதயத்தோடு நடமாடுகிறார்கள். கொடுத்தவரின் உடலிலிருந்து எடுக்கும்போது அந்த இதயத்துக்கு வரும் நரம்புகள் அறுபடுகின்றன. மருத்துவர் பெரிய இரத்தக் குழாய்களைத் தைக்கிறார். நரம்பைத் தைப்பதில்லை. ஆனாலும் இதயம் துடிக்கிறது, ஏனென்றால் துடிப்பு அதன் சொந்தச் சரக்கு. நம் இதயம் சும்மா இருக்கும்போது எழுபது முறை போலத் துடிப்பதற்குக் காரணம், வேகஸ் என்ற நரம்பு ஓயாமல் கடிவாளத்தை இழுத்துப் பிடித்திருப்பது. மாற்று இதயத்தில் அந்தக் கடிவாளம் இல்லை. அது உட்கார்ந்திருக்கும்போதே தொண்ணூறு, நூறு என்று ஓடும்.

அந்த மனிதர் மாடிப்படி ஏறுகிறார். உனக்கும் எனக்கும் இரண்டாவது படியிலேயே இதயம் வேகம் பிடித்துவிடும், நரம்பு சொல்லிவிடும். அவர் இதயத்துக்குச் சொல்ல ஆளில்லை. அட்ரினல் சுரப்பி அட்ரினலினை விட்டு, அது இரத்தத்தில் மிதந்து வந்து சேர வேண்டும். சில நிமிஷம் ஆகிறது. அதுவரை அவர் மூச்சு வாங்குகிறார். ஏறி முடித்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகோ, இதயம் வேகத்தைக் குறைக்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது, அட்ரினலின் தீரும்வரை. நடைப்பயிற்சியை மெல்ல ஆரம்பியுங்கள், மெல்ல முடியுங்கள் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இதனால்தான். வருஷங்கள் போகப் போகச் சிலருக்கு நரம்பு இழைகள் ஓரளவு மீண்டும் வளர்ந்து சேர்வதுண்டு. அதுவரை அந்த இதயம் தபாலை மட்டும் நம்பி வாழ்கிறது.

பையன் டம்ளரைக் கீழே வைத்தான். "அப்போ ஒண்ணு மின்சாரம், ஒண்ணு ரசாயனம். சரிதானே?"

அங்கேதான் பாடப்புத்தகக் கோடு அழியும். சரவெடி நரம்பின் நுனியோடு நின்றுவிடுகிறது. நுனிக்கும் தசைக்கும் நடுவில் மிக நுண்ணிய இடைவெளி. அதைத் தாண்ட நரம்பும் ஒரு ரசாயனத்தைத்தான் சிந்துகிறது. 1921-ல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஓட்டோ லோவி இதைத் தவளை இதயத்தில் காட்டினார். ஒரு இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டினார், துடிப்பு மெதுவானது. அந்த இதயம் நனைந்திருந்த உப்புநீரை எடுத்து, தூண்டப்படாத இன்னொரு இதயத்துக்கு மாற்றினார். அதுவும் மெதுவானது. நரம்பு சொன்ன சொல் தண்ணீரில் கரைந்து இருந்திருக்கிறது. சோதனை கனவில் வந்ததாகவும், விடியும் முன்பே ஆய்வகத்துக்கு ஓடியதாகவும் அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். வித்தியாசம் என்னவென்றால், நரம்பு தான் சிந்தியதை இலக்கின் வாயிலேயே சிந்துகிறது, சிந்திய கையோடு துடைத்தும் விடுகிறது. சுரப்பி ஆற்றில் கொட்டுகிறது.

அட்ரினல் சுரப்பியின் உட்பகுதியைப் பற்றிக் கேட்டால் இன்னும் ஆச்சரியப்படுவாய். அது பிறப்பால் நரம்புக் குலம். கருவில் நரம்பணுக்களாக ஆகும் அதே கூட்டத்திலிருந்து வந்த செல்கள். நீளமான இழையை வளர்க்காமல் இரத்தக் குழாயின் ஓரம் குடியேறிவிட்டன. அதற்கு ஆணை கொண்டுவருவதும் ஒரு நரம்புதான். அதனால்தான் உன் அட்ரினலின் நொடிகளில் கிளம்பியது.

"இந்த டீயில பால் எப்படி வந்துச்சு தெரியுமா?" என்றேன்.

"கடைல வாங்கினீங்க."

"மடியிலேர்ந்து எப்படி வந்துச்சுன்னு கேக்குறேன்."

மடிக்குள் பால் ஊறிக் கிடந்தாலும் தானாக இறங்காது. கன்று முட்டும்போது காம்பிலிருந்து நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி போகிறது. மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்ற இடத்தில் உள்ள நரம்பணுக்கள் அதை வாங்குகின்றன. அவை சரவெடியாய் வெடிக்கின்றன, நீண்ட இழையும் உண்டு, எல்லா வகையிலும் நரம்பணுக்கள். ஆனால் அந்த இழை தசையில் போய் முடியவில்லை. பிட்யூட்டரியின் பின்பகுதியில் இரத்தக் குழாயின் மேல் முடிகிறது. அங்கே ஆக்சிடோசினை இரத்தத்தில் விடுகிறது. அது சுற்றி மடிக்கு வந்து, பால் அறைகளைச் சூழ்ந்திருக்கும் செல்களைச் சுருங்க வைத்துப் பாலைப் பிழிகிறது. போகும்போது நரம்பு, வரும்போது இரத்தம். தாய்ப்பாலும் இப்படித்தான் இறங்குகிறது. பக்கத்து அறையில் குழந்தை அழும் சத்தமே போதும் என்று தாய்மார்கள் சொல்வார்கள்.

1941-ல் அமெரிக்காவில் ஈலி, பீட்டர்சன் என்ற இருவர் பசுவின் மடியில் ஒரு பாதிக்குப் போகும் நரம்புகளை வெட்டினார்கள். கறந்தபோது நரம்புள்ள பாதியிலும் இல்லாத பாதியிலும் ஒன்றுபோலப் பால் இறங்கியது. அந்த லண்டன் குடல் துண்டிடம் கேட்ட கேள்விதான், பதிலும் அதேதான். காகிதப் பைகளை வெடித்து மாட்டைப் பயமுறுத்தியபோது பால் நின்றுவிட்டது.

எங்கள் வீட்டில் ஒரு நாட்டு மாடு இருந்தது. நான் ஆறாவது படிக்கும்போது அதன் கன்று செத்துப்போனது. இரண்டு நாள் மாடு பாலை அடக்கிக்கொண்டது. தாத்தா கன்றின் தோலில் வைக்கோல் அடைத்துத் தோற்கன்று செய்யச் சொன்னார். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. மாட்டின் முன் கொண்டுபோய் நிறுத்தினார். அது மோந்தது. பிறகு நக்க ஆரம்பித்தது. தாத்தா மடியில் தண்ணீர் தெளித்து, விரலில் எண்ணெய் தொட்டு, காம்பை மெல்ல நீவிவிட்டார். கறக்கவில்லை. செம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு அவசரம். "கறங்க தாத்தா" என்றேன்.

"இரு. இன்னும் எறங்கல."

நீவிக்கொண்டே இருந்தார். மாடு நக்கிக்கொண்டே இருந்தது. ஒரு நிமிஷம் இருக்கும். காம்பு திமிறி நின்றது. தாத்தா என்னிடம் கையை நீட்டிச் செம்பை வாங்கிக்கொண்டார்.